கூட்டம் நடத்தும் மேலாளர்களுக்கும் எச்.ஆர். துறையினருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம். எனக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதும் பிழையில்லாமல் எழுதுவதும் சிரமமாகிற கற்றல் சிக்கல்) இருக்கிறது என்பது ஐம்பது வயதுக்கு அப்புறம்தான் தெரிந்தது. மகளைப் பரிசோதிக்க அழைத்துப் போனபோது உளவியலாளர் அவளைப் பற்றிக் கேட்டதெல்லாம் என்னைப் பற்றிக் கேட்டது மாதிரியே இருந்தது. இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது என்பதால், பிள்ளையால் பெற்றோருடையதும் வெளியே வருவது சகஜம்தானாம்.

இத்தனை வருஷம் எப்படித் தெரியாமல் போனது என்பீர்கள். நாங்கள் அவ்வளவு நன்றாக மறைப்போம். கூட்டத்தில் நாலு பக்க அறிக்கையை நீட்டி, "ரெண்டு நிமிஷம் பாத்துட்டு சொல்லுங்க" என்பீர்களே, அப்போது நான் மூன்றாவது வரியில் நின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பவர் தாளைத் திருப்பினால் நானும் திருப்புவேன், அப்புறம் யாராவது முதலில் பேசட்டும் என்று காத்திருந்து, அவர் பேச்சிலிருந்து அறிக்கையில் என்ன இருக்கும் என்று ஊகித்துக் கருத்து சொல்வேன். மின்னஞ்சலில் மனதுக்கு வரும் சொல்லை விட்டுவிட்டு, பிழையில்லாமல் எழுத வருகிற சொல்லைப் போடுவேன். இந்த உழைப்பெல்லாம் உங்கள் ஆண்டு மதிப்பீட்டில் எந்தக் கட்டத்திலும் ஏறாது. "கவனக்குறைவு" மட்டும் தவறாமல் ஏறும்.

புத்தி மட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பொதுவாக எங்களுக்கு இடிப்பது, எழுத்தையும் அதன் ஒலியையும் சட்டென்று பொருத்துகிற இடம். 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கு வரும், பெர்சி என்ற தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதுவான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். அந்த வாத்தியாருக்கு அன்றைக்கே பிடிபட்டது உங்களுக்கு ஏன் இன்னும் பிடிபடவில்லை?

சரி, கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அறிக்கையை முந்தின நாளே அனுப்புங்கள். எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள். எழுத்தைக் குரலாக மாற்றும் செயலியை அலுவலகக் கணினியில் தடுத்து வைக்காதீர்கள். வேகமாக வாசிப்பது வேலையிலேயே இல்லாத பதவிக்கு, கடிகாரம் வைத்து எழுத்துத் தேர்வு எதற்கு? இதற்கெல்லாம் சான்றிதழ் கொண்டுவா என்றும் ஆரம்பிக்காதீர்கள், பெரியவர்களைப் பரிசோதிக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு, அதோடு என் வயதில் பலர் கையைத் தூக்கி 'எனக்கும்தான்' என்று சொல்லவே மாட்டார்கள். யாருக்கு வேண்டும் என்று கேட்காமல் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்.