குறை சொல்லும் வாடகைதாரரைத் தவிர்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்களுக்காக உங்கள் நாளிதழின் சொத்துப் பக்கத்தில் போன வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். கடன், பத்திரம், ஒப்பந்தம் பற்றியெல்லாம் பயனுள்ள விஷயங்கள் இருந்தன. ஆனால் தொந்தரவு தராத வாடகைதாரராகப் பார்த்துப் பிடியுங்கள், அது ஒழுகுகிறது இது எரியவில்லை என்று ஓயாமல் கூப்பிடுகிறவர்களைத் தவிர்த்துவிடுங்கள் என்ற யோசனையைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் 19 வருடங்களாக இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டு வருகிறேன். எனக்குப் பெரிய நஷ்டம் வந்தது, கூப்பிடாத ஒருவர் குடியிருந்த காலத்தில்தான். அவர் கூப்பிடுவதை நிறுத்தியதற்குக் காரணமும் நான்தான்.

கணவன், மனைவி, ஒரு குழந்தை. வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. குடிவந்த ஆறாவது மாதம் அந்தத் தம்பி போன் செய்தார். "அக்கா, பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவர், பெட்ரூம்ல ஈரமாவே இருக்கு." வெயில் வந்தால் காய்ந்துவிடும், பார்க்கலாம் என்றேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். அப்போது என் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். அலுப்பில், "முன்னாடி இருந்தவங்க யாருமே இப்படிச் சொல்லலையே தம்பி" என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது. அதற்கப்புறம் அவர் எதற்குமே கூப்பிடவில்லை. நல்ல குடித்தனம், தொல்லையே இல்லை என்று நானும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்துக் காலி செய்தார்கள். கட்டில் கிடந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினேன். பெயிண்ட் பொருக்காக உதிர்ந்து, உள்ளே இருந்த பூச்சு ஈர மணலாகக் கையோடு வந்தது. மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. பாத்ரூம் கதவு நிலையின் அடிப்பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்தால் அழுத்தாமலே உள்ளே இறங்கியது. பிளம்பர் டைல்ஸை உடைத்துப் பார்த்தபோது ஷவருக்குப் போகும் குழாயில் ஒரு எல்போ, அதாவது குழாய் திரும்பும் இடத்தில் போடும் இணைப்பு, கசிந்துகொண்டிருந்தது. அதை மாற்ற அவருக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் டைல்ஸ், பூச்சு, நிலை, சுவர் காய்வது, பெயிண்ட் என்று நான்கு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. அந்தச் சுவரோரம்தான் குழந்தையைப் படுக்க வைத்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஈரமும் பூஞ்சையும் இருக்கும் அறை மூச்சுக்கோளாறு உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கெடுதல் என்று நமக்குத் தெரியாதா? நான்கு மாத வாடகையைவிட அதுதான் இன்றுவரை மனதை அறுக்கிறது.

அதனால் இப்போது சாவி கொடுக்கும் அன்றே சொல்லிவிடுகிறேன்: சின்னக் கசிவாக இருந்தாலும் உடனே சொல்லுங்கள், அதற்காக உங்களிடம் முகம் சுளிக்க மாட்டேன். மெயின் வால்வு எங்கே இருக்கிறது, மெயின் சுவிட்ச் எது என்பதையும் அப்போதே நேரில் காட்டிவிடுகிறேன். நடுராத்திரி குழாய் பிடுங்கிக்கொண்டால், நான் போய்ச் சேருவதற்குள் வால்வை மூடத் தெரிந்திருந்தால் பாதி சேதம் தவிர்ந்துவிடும். புகார் வந்தால் அன்றைக்கே பதில் சொல்கிறேன். ஆள் வர மூன்று நாள் ஆகும் என்றாலும் அதை அன்றைக்கே சொல்லிவிட்டால் அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். பதிலே இல்லாமல் விட்டால்தான் மனம் விட்டுப்போகிறது.

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, யாரும் தண்ணீர் புழங்காமல், மீட்டரை அரை மணி நேரம் இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். எண் ஓடியிருந்தால் எங்கோ தண்ணீர் போகிறது. மீட்டர் இல்லாத வீடாக இருந்தால் தொட்டியில் மட்டத்தைக் குறித்து வைத்துப் பார்க்கலாம். ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் சாயம் கலந்துவிட்டுக் கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் தெரிந்தால் வால்வு சரியாக மூடவில்லை. வாடகைதாரர் மாறும்போதெல்லாம் இந்த இரண்டையும் செய்கிறேன்.

சரி, கூப்பிட்டதும் ஓடிப்போய்ச் சரிசெய்யப் பணம் வேண்டுமே என்பார்கள். அங்கேதான் பலரும் தடுமாறுகிறோம். வந்த வாடகை முழுவதையும் வருமானம் என்று நினைத்துச் செலவழித்துவிடுகிறோம், அப்புறம் ஒரு மோட்டார் எரிந்தால் வாடகைதாரர்மீது எரிச்சல் வருகிறது. நான் வருடத்துக்கு 11 மாத வாடகைதான் என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன், ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று. வருவதில் பத்தில் ஒரு பங்கு தனிக் கணக்குக்குப் போய்விடும். மாத வாடகை 100 என்றால் வருடத்துக்கு 1,200. ஒரு மாதம் போக 1,100. பராமரிப்புக்கு 110 ஒதுக்கினால் 990. வரி, காப்பீடு, தரகு எல்லாம் இதிலிருந்துதான். புதிதாக வாங்குகிறவர்கள் 1,200-ஐ வீட்டு விலையால் வகுத்து இத்தனை சதவீதம் கிடைக்கும் என்று சந்தோஷப்படுகிறார்கள். கடைசியில் கையில் நிற்கும் தொகையை, விலையோடு பத்திரச் செலவையும் சேர்த்து வகுத்துப் பாருங்கள். கடன் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால் முதல் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிதான். அதே கடனுக்கு ஆரம்பத்திலேயே வட்டி 11 சதவீதமாக இருந்தால் தவணை கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு கூடும். வாடகை அப்படிக் கூடாது. தவணைக்கும் வாடகைக்கும் சரியாகப் போய்விடும் என்ற கணக்கில் வாங்கிய வீட்டில், ஒழுகும் குழாயைச் சரிசெய்யப் பணம் எங்கிருந்து வரும்?

வாடகை உயர்த்துவதிலும் இப்படித்தான். 100 கொடுப்பவரிடம் 110 கேட்டு, அவர் போய்விட்டு, இரண்டு மாதம் காலியாகக் கிடந்து, அப்புறம் 110-க்கு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையவரே பழைய வாடகைக்கு இருந்திருந்தால் வந்திருக்கும் தொகையை எட்டிப்பிடிக்க 22 மாதம் ஆகும். பெயிண்ட், தரகு இதில் சேராது. அதனால் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சந்தை விலையைவிடக் கொஞ்சம் குறைவாக வாங்குவதில் எனக்கு வருத்தமே இல்லை. உயர்த்துவதாக இருந்தாலும் இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்களில் யாரும் புகார் சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது. ஒன்று, மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் வகையைப் பொருத்துவார்கள். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் சுவிட்ச் உடனே விழுந்து மின்சாரம் நிற்க வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். இன்னொன்று பாத்ரூமுக்குள் கேஸ் கீசர். காற்றோட்டம் இல்லாத சின்ன அறையில் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. உள்ளே குளிக்கிறவருக்கு மயக்கம் வரும்வரை தெரியாது, கதவோ உள்பக்கம் தாழிட்டிருக்கும். என் வீட்டில் ஒருவர் சொந்தச் செலவில் மாட்டிக்கொள்கிறேன் என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி மின்சார கீசரை நானே வாங்கிப் பொருத்தினேன்.

அட்வான்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். அது நம்மிடம் இருக்கும் அடுத்தவர் பணம். ஒரு தடவை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்துவிட்டு, அவர்கள் காலி செய்த அன்று கடன் வாங்கி அலைந்தேன். அப்போதிலிருந்து தனிக் கணக்கில்தான் போடுகிறேன். குடிவரும் அன்று அறை அறையாக வீடியோ, மீட்டர் எண், சாவிகளின் எண்ணிக்கை எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி. காலி செய்யும்போது அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சேர்ந்து நடந்து பார்க்கிறோம். பெயிண்ட் மங்குவது, தரை தேய்வது எல்லாம் குடியிருப்பதால் வருவது, அதற்கு அட்வான்ஸில் பிடிக்கக் கூடாது. உடைத்திருந்தால் பிடிக்கலாம், அதிலும் பொருளின் வயதைப் பார்க்க வேண்டும். ஐந்து வருடம் நிற்கும் பெயிண்டில் நான்கு வருடம் ஓடிப்போயிருந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் கேட்கலாம், முழுச் செலவைக் கேட்பது நியாயமில்லை. அந்த ஈரச் சுவருக்கு அந்தத் தம்பியிடம் நான் எதுவும் பிடிக்கவில்லை. பிடிக்க எனக்கு என்ன உரிமை இருந்தது? இரண்டு தடவை சொன்னவர் அவர்.

நல்ல வாடகைதாரரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று நிறையவே எழுதிவிட்டீர்கள். வீட்டில் ஒன்று கெட்டுப்போனால் சொல்லத் தயங்கியது ஏன், சொன்னபோது என்ன பதில் வந்தது என்று, குடியிருப்பவர்களையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். என்னைப் போன்றவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

இப்படிக்கு,
இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் வாசகி