ஆட்டை எண்ணும் முன் புல்லை எடை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஆடு வளர்ப்புக் கட்டுரை பரண் கொட்டகை, தவிடு புண்ணாக்கு போன்ற அடர்தீவனம், வங்கிக் கடன் என்று விரிவாகப் பேசிவிட்டு, மேய்ச்சலை மட்டும் "சென்னையை ஒட்டி நிலம் ஏது?" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. கட்டுரையாளர் மணலி புதுநகரிலிருந்து மீஞ்சூர் வரை ஒருமுறை வந்து பார்க்கட்டும். வீடு கட்டாமல் போட்டுவைத்த மனைகள் முழுக்கப் புல். ஜேசிபிக்காரருக்குக் காசு கொடுத்துப் புதர் எடுக்கும் மனைக்காரர்கள், ஆடு மேய்த்துக்கொள்கிறேன் என்று முறையாகக் கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்கிறார்கள்.

நான் வளர்ப்பது மெட்ராஸ் ரெட் செம்மறி. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்துக்கே உரிய இனம். சின்னப் பண்ணையில் லாபத்தைத் தின்பது தீவனச் செலவு. அதைக் குறைக்க எனக்குத் தெரிந்த வழி, இடத்தைத் துண்டுகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேயவிட்டு, புல்லுக்கு ஓய்வு கொடுக்கும் சுழற்சி மேய்ச்சல். மொத்த இடத்திலும் தினம் அவிழ்த்துவிட்டால், கொழுக்கட்டைப்புல்லைத் துளிர்க்கத் துளிர்க்கக் கடித்துச் சாகடித்துவிடும். மிஞ்சுவது சீமைக்கருவேலம்.

25 கிலோ ஆடு ஒரு நாளைக்குச் சுமார் 4 கிலோ பச்சைப்புல் தின்னும். 20 ஆடு என்றால் 80 கிலோ. ஒரு சதுர மீட்டர் புல்லை அறுத்துத் தராசில் வையுங்கள். 800 கிராம் வந்தால் அதில் பாதிதான் ஆட்டுக்கு, மீதி திரும்பத் தழைப்பதற்கு. ஆக, ஒரு நாளைக்கு 200 சதுர மீட்டர், அதாவது 5 சென்ட். மூன்று நாளைக்கு ஒரு துண்டு என்று 15 சென்ட் வீதம் 12 துண்டு போட்டால் 1.8 ஏக்கர் ஆகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் 33 நாள் ஓய்வு. மழைக்காலத்துக்கு இது போதும். கோடையில் இதைப்போல இரண்டு மடங்கு ஓய்வு வேண்டும், ஆனால் நிலம் இரண்டு மடங்காகாது. அப்போது ஆட்டைத்தான் குறைக்க வேண்டும்.

துண்டு பிரிக்கக் காசிமேட்டுப் பழைய மீன்வலை போதும். பெட்டைகளுக்குக் கொம்பு கிடையாது, தொந்தரவு இல்லை. கிடாவுக்கு முறுக்கிய கொம்பு. வலையில் மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்துக் கழுத்தை இறுக்கிக்கொள்ளும். கிடாவைத் தனியாகக் கட்டுவதே நல்லது.

மூன்று நாள் என்பதற்குக் காரணம் உண்டு. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் புழுக்கையிலுள்ள வயிற்றுப்புழு முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் நோய் தரும் குஞ்சுப்புழுவாகி, புல்லின் அடித்தண்டில் ஏறி நிற்கும். அதற்குள் மந்தை நகர்ந்திருக்க வேண்டும். பாதிப் புல்லை விட்டுவைப்பது இதற்காகவும்தான், அடிப்புல்லில்தான் புழு அதிகம். அப்படியும் 33 நாளில் அத்தனை புழுவும் செத்துவிடாது. ஐப்பசி, கார்த்திகையில் பனி உலர்ந்த பிறகே அவிழ்க்க வேண்டும். புழுக்கைப் பரிசோதனையையும் விடக்கூடாது. முதல் மழையில் தளதளவென்று வரும் இளம்புல்லில் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய் அடிக்கும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

எண்ணூர் அனல் மின் நிலையச் சாம்பல் படியும் இடங்களிலும் மணலித் தொழிற்சாலைகளின் மதிலோரத்திலும் புல் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் வேண்டாம். செம்மறி மண்ணை ஒட்டக் கடிக்கும், அங்கே படிந்ததும் சேர்ந்தே வயிற்றுக்குள் போகும். மற்ற இடங்களிலும் கேரி பேக்கைப் பொறுக்கிய பிறகே ஆட்டை விடுங்கள்.

மேய்ச்சலால் பாலைவனத்தையே பசுமையாக்கலாம் என்று ஜிம்பாப்வேயின் மேய்ச்சல் நில நிபுணர் ஆலன் சேவரி சொல்வதை விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. செங்குன்றத்தில் தவிட்டு மூட்டை வாங்குவது குறைந்தால் எனக்குப் போதும்.

அப்புறம் விற்பனை. வியாபாரி கண் மதிப்பில் விலை சொன்னால் சம்மதிக்காதீர்கள், உயிர் எடை போட்டுக் கேளுங்கள். வடசென்னையில் கிடாவுக்கு நல்ல விலை பக்ரீத்துக்குத்தான். அது ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்கிறது: 2024-ல் ஜூன் 17, 2025-ல் ஜூன் 7. இப்போதைக்குக் கிடாக்களைக் கத்திரி வெயில் வரை காசு கொடுத்துத் தீனி போட்டுக் காக்க வேண்டியிருக்கிறது. 2030 வாக்கில் ஏப்ரல் நடுவில் வரும். புல் காயும் நேரத்திலேயே விற்றுவிடலாம். இன்றைக்குப் பண்ணை தொடங்குபவர் இதையும் பார்த்துத்தான் கிடாவைப் பெட்டையோடு சேர்க்க வேண்டும், சினைக்காலம் 5 மாதம்.

அடுத்த முறை பண்ணைக் கணக்கு வெளியிடும்போது ஆட்டுக்கு இவ்வளவு லாபம் என்று போடாமல், ஏக்கருக்கு எவ்வளவு, அதில் விலைக்கு வாங்கிய தீவனம் எவ்வளவு என்று பிரித்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செம்மறி வளர்க்கும் வாசகர்,
மணலி புதுநகர், சென்னை