எகிப்தின் லக்சர், நைல் மேற்குக் கரை: நாளைய பயணத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். வண்டி காலை 5.30-க்குக் கிளம்பும். பண்டைய எகிப்து மன்னர்களின் கல்லறைகள் உள்ள மன்னர் பள்ளத்தாக்கு 6 மணிக்கே திறந்துவிடும். வெயில் ஏறினால் பேருந்துக் கூட்டமும் சேர்ந்து கல்லறைக்குள் புழுங்கும்.

பொது டிக்கெட்டுக்கு மூன்று கல்லறைகள்தான். ஒவ்வொரு வாசலிலும் டிக்கெட்டைச் சரிபார்த்துக் கணக்கு வைப்பார்கள். கண்ணில் பட்டதில் எல்லாம் நுழைந்து வீணாக்காதீர்கள். எங்கள் தேர்வு 2, 8, 11 எண் கல்லறைகள். மூட்டுவலி உள்ளவர்கள் 8-ஐ விட்டுவிடுங்கள், சரிவு அதிகம். 2 கிட்டத்தட்ட சமதளம். 11 மூன்றாம் ராம்சேஸ் மன்னருடையது. அதன் நடைபாதை பாதியில் ஒரு பக்கமாக விலகிப் போவதைக் கவனியுங்கள். தோண்டும்போது பக்கத்திலுள்ள 10-ஆம் கல்லறைக்குள் இடித்துவிட்டதால் திசையை மாற்றியிருக்கிறார்கள்! சுழற்சி முறையில் சிலவற்றை மூடுவார்கள், அப்போது 6-ஆம் கல்லறைக்குப் போகலாம்.

துட்டன்காமுன் மன்னர் கல்லறைக்குத் தனி டிக்கெட். அறை சிறியது, புதையலெல்லாம் கெய்ரோவை அடுத்த கிசா அருங்காட்சியகத்தில். அந்தக் காசுக்கு 9-ஆம் கல்லறை மேல்: கூரை முழுக்க வானத் தெய்வமான நூட் தேவி, மாலையில் சூரியனை விழுங்கி விடியலில் ஈன்றெடுக்கிறாள்.

அடுத்து ஹட்செப்சுட் அரசியின் கோயில், முற்றத்தில் நிழலே கிடையாது. மெடினெட் ஹாபு (மூன்றாம் ராம்சேஸின் கோயில்) டிக்கெட்டை மெம்னோன் எனும் இரு பெரிய சிலைகளுக்கு அருகிலுள்ள கவுண்டரிலேயே வாங்கிவிடுவோம். கோயில் வாசலில் கேட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

கவுண்டர்களில் கார்டுதான் செல்லும். ஆனாலும் சில்லறை நோட்டு வேண்டும்: காவலர் தானாக வந்து எதையாவது காட்டினால் பக்‌ஷீஷ் (டிப்ஸ்) எதிர்பார்ப்பார். போனில் படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர்.