இருவர் இருவராகப் போவது வழிமறிக்க அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கிராமப்புறச் சாலைகளில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் சாலையை அடைத்துக்கொண்டு போகிறார்கள் என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் தங்கள் கடிதங்கள் பகுதியில் வருத்தப்பட்டிருந்தார். அப்படிப்பட்ட கூட்டம் ஒன்றில் கடைசியாக வருகிறவள் நான். வயது 58. பின்னால் வரும் காரின் உறுமலை முதலில் கேட்கிறவளும் நான்தான். அதனால் பதில் சொல்ல வேண்டியவளும் நானே என்று நினைக்கிறேன்.

நாங்கள் பன்னிரண்டு பேர். ஒருவர் பின் ஒருவராகப் போனால் வரிசை முப்பது மீட்டருக்கு மேல் நீளும். இருவர் இருவராகப் போனால் அதில் பாதிதான். காரோட்டிக்கு முந்திச் செல்ல வேண்டிய தூரமும் பாதியாகிறது. பிரிட்டனின் சாலை விதிகளை 2022இல் திருத்தியபோது, பெரிய கூட்டங்கள் இணையாகச் செல்வது கூடுதல் பாதுகாப்பாக இருக்கலாம் என்றே சேர்த்தார்கள்.

சாலையின் ஓரத்தை விட்டு நாங்கள் ஏன் விலகி ஓட்டுகிறோம் என்பதற்குக் குளிர் முடிந்து இளவேனில் தொடங்கும் இந்தப் பருவமே காரணம். குளிர்காலம் முழுவதும் தாரின் விரிசல்களில் தண்ணீர் இறங்கி, இரவில் உறைகிறது. உறையும்போது அது ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து தாரை நெம்புகிறது. பகலில் உருகி மறுபடி இறங்குகிறது. இளவேனில் எட்டிப் பார்க்கும்போது சாலை உள்ளுக்குள் பொடிந்து கிடக்கிறது. போன வாரம் விரல் அகல விரிசலாக இருந்தது, இந்த வாரம் முன்சக்கரத்தை விழுங்கும் குழியாகிவிடுகிறது. அதில் மழைநீர் நிறைந்துவிட்டால் குழியா, வெறும் ஈரமா என்று யாருக்கும் தெரியாது. வயல்வெளியில் வெயில் அடித்தாலும், மரங்கள் கவிந்த வளைவில் உறைபனி வழுக்கிக்கொண்டிருக்கும். குளிரில் சாலை வழுக்காமல் இருக்கத் தூவிய மணலும் சரளையும் ஓரத்தில்தான் ஒதுங்கிக் கிடக்கின்றன.

இவற்றையெல்லாம் பார்க்கக்கூடியவர் முன்னால் போகிறவர் மட்டுமே. மற்றவர்களுக்குத் தெரிவது முன்னாலிருப்பவரின் முதுகு. அவர் கையைத் தாழ்த்திச் சுட்டுகிறார், "குழி!" என்கிறார், அந்தச் சொல் வாய் மாறி வாய் மாறி என்னிடம் வந்து சேர்கிறது.

மூன்றாண்டுகளுக்கு முன் இதே பருவத்தில், என் முன்சக்கரம் முன்னவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் அளவுக்கு முன்னேறியிருந்தது. தவறு என்னுடையது. அவர் சரளையைத் தவிர்க்கச் சற்றே விலகினார். ரப்பரும் ரப்பரும் உரசிய சத்தம் ஒரு நொடி கேட்டது, அவ்வளவுதான். அவர் ஒன்றும் அறியாமல் போய்க்கொண்டிருந்தார். நான் தரையில் கிடந்தேன். சக்கரங்கள் உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் வருகிறவர்தான். கையுறை கிழிந்து உள்ளங்கையில் கற்கள் பதிந்திருந்தன. பின்னால் வந்த கார் நின்றுவிட்டது. என் தலைக்கவசத்துக்கும் அதன் சக்கரத்துக்கும் நடுவே இன்னொரு கார் நிற்கும் இடம் இருந்தது. அவ்வளவு இடைவெளி விட்டு ஓட்டி வந்தவரின் முகம் எனக்கு நினைவில்லை. காரின் விளக்குகள் மட்டும் நினைவிருக்கின்றன.

எங்கள் ஆட்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. முதல் வெயில் கண்டதும் முன்னால் இருப்பவர்கள் பறக்கிறார்கள். குளிர்காலம் முழுவதும் வீட்டிலிருந்தவர்கள் பின்தங்கி, எதிர்க்காற்றில் தனியே தவிக்கிறார்கள். கூட்டத்தின் மறைவில் ஓட்டினால் கால்பங்கு உழைப்பாவது மிச்சமாகும். அந்த மறைவை அவர்களிடமிருந்து பறிப்பது நியாயமே இல்லை. ஏற்றத்தின் உச்சியில் நின்று காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? மட்கார்டு இல்லாமல் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் பின்சக்கரம் வாரி இறைக்கும் சேறு அடுத்தவர் வாய்க்குள்தான் போகிறது.

காரோட்டிகளிடம் கேட்பது இதுதான். வளைவில் முந்தாதீர்கள், பாதை நேராகும்வரை பொறுங்கள். ஊருக்கு வெளியே சைக்கிளைக் கடக்கும்போது பிரான்சிலும் ஸ்பெயினிலும் 1.5 மீட்டர், ஜெர்மனியில் 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். அந்த அளவை மனதில் வைத்தால் போதும். ஹார்ன் அடிப்பதானால் தொலைவிலிருந்தே ஒரு முறை, சுருக்கமாக அடியுங்கள். முதுகுக்குப் பின்னால் திடீரென்று அடித்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் சக்கரம் விலகும். ஹார்ன் கேட்டதும் "கார்!" என்று நான் குரல் கொடுப்பேன். அது முன்னவர் காதுக்குப் போய், நாங்கள் ஒற்றை வரிசைக்கு மாறச் சில நொடிகள் ஆகும்.

இப்படிக்கு,
வரிசையின் கடைசியில் வரும் வாசகி