போனை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்மார்ட்வாட்ச் செயலிகளில் இணையம் இல்லாமல் பாட்டுக் கேட்கும் வசதியை பீட்டா நிலையிலேயே, அதாவது பொது வெளியீட்டுக்கு முன்பே, சோதித்துத் தரப் பலர் முன்வருகிறார்கள். நல்லது. ஆனால் போனைப் பையில் வைத்துக்கொண்டே "நன்றாகப் பாடுகிறது" என்று எழுதி அனுப்பினால் அது சோதனையே ஆகாது; பாட்டு போன் வழியாகவே வந்திருக்கலாம். போனை அணையுங்கள். வாட்ச்சில் வைஃபை, சிம் இணைப்பு இரண்டையும் நிறுத்தி, ஹெட்போனுக்காக ப்ளூடூத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

சிக்கல் அதிகம் வருவது பதிவிறக்கத்தில்தான். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) ஒலித் தரத்தில் பாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி. 4 நிமிடப் பாடல்கள் 100 என்றால் 400 எம்பி. ப்ளூடூத்தில் இது ஆமை வேகம்தான். போனோடு இணைந்திருக்கும்போது பல வாட்ச்கள் வைஃபையை அணைத்துவிடும் என்பதால், போனின் ப்ளூடூத்தைத் துண்டித்து, வாட்ச்சை சார்ஜரில் வைத்து, வைஃபையில் பாடல்களை இறக்குங்கள். நடுவில் வேண்டுமென்றே வைஃபையை நிறுத்திப் பாருங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா, அரைகுறைக் கோப்பை முழுப் பாட்டாகக் காட்டுகிறதா? பின்னதுதான் மோசமான பிழை. வெளியே ஓடக் கிளம்பிய பிறகே அது தெரியவரும்.

திரை அணைந்ததும் பாட்டு நின்றால், வாட்ச்சின் பேட்டரி சேமிப்பு வசதி, செயலியை முடக்கியிருக்கலாம். ஒலி விட்டுவிட்டு வந்தால் வாட்ச்சை மறு கையில் கட்டிப் பாருங்கள், ப்ளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடல் தடுக்கும். அதைச் செயலியின் தலையில் கட்ட வேண்டாம்.

புகாரில் வாட்ச் மாடல், செயலிப் பதிப்பு, பிழை நேர்ந்த நேரம் மூன்றும் அவசியம். நேரம் இல்லாவிட்டால் லாக்கில் (செயலியின் இயக்கப் பதிவில்) எங்கே தேடுவது?

இப்படிக்கு,
மென்பொருள் சோதனையாளர்கள் சிலர்