லங்காவிக்குப் போய் வா

பட்டர்வொர்த்
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் லங்காவிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று நீ சொன்னதும் நான் பேசாமல் இருந்துவிட்டேன். ஐந்து மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தீவுக்கா என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் ராத்திரி படுத்தபடி யோசித்தேன். பிரசவத்துக்குப் பிறகு நீ அந்த அடுக்குமாடி வீட்டைவிட்டு இறங்கியதெல்லாம் தடுப்பூசி போடத்தான். போய் வாம்மா. நான் சந்தோஷமாகத்தான் சொல்கிறேன்.

1993-ல் உன்னை மெட்ராசுக்குக் கூட்டிப்போனதை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. அப்போது உனக்கு ஏழு மாதம். இறங்கும்போது தூங்கட்டும் என்று, முன்கூட்டியே வயிறு நிறையப் பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டேன். விமானம் தாழத் தொடங்கியதும் வீறிட்டு எழுந்தாய். காதைக் காதைப் பிடித்து இழுத்தாய். மார்பில் வைத்தேன், குடிக்கவில்லை. வயிறுதான் நிறைந்திருந்ததே. மீனம்பாக்கத்தில் சக்கரம் தரையைத் தொடும்வரை அழுகை ஓயவில்லை. உன்னோடு சேர்ந்து நானும் அழுதேன்.

காரணத்தைப் பிறகு டாக்டர் சொன்னார். விமானம் இறங்கும்போது காற்றழுத்தம் கூடி, செவிப்பறையை உள்பக்கமாகத் தள்ளுமாம். மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குப் போகும் சின்னக் குழாய் திறந்தால்தான் சரியாகும். நாம் எச்சிலை விழுங்கித் திறந்துகொள்வோம். கைப்பிள்ளை பால் குடித்தால்தான் அடுத்தடுத்து விழுங்கும். ஏறும்போது அவ்வளவு தொல்லை இல்லை, இறங்கும்போதுதான். கோலாலம்பூரிலிருந்து லங்காவி ஒரு மணி நேரம். மேலே போன கொஞ்ச நேரத்திலேயே, தரையைத் தொட இன்னும் 20, 30 நிமிடம் இருக்கும்போதே, இறங்கத் தொடங்கிவிடும். அதனால் ஏறும்போது கொஞ்சமாகக் கொடு. இறங்கும்போது தூங்கினாலும் எழுப்பிக் கொடு. பாவம் பார்க்காதே. சளி இருந்தால் அந்தக் குழாயும் அடைத்துக்கொள்ளும். முதல் நாளே டாக்டரிடம் காட்டு. அவர் வேண்டாம் என்றால் டிக்கெட் காசு போகட்டும், இன்னொரு நாள் போகலாம். கேபிள் காரில் ஏறுவதாக இருந்தால் அங்கேயும் இதே கதைதான், அது சுமார் 700 மீட்டர் உயரம் போகிறது.

பிறப்புப் பத்திரத்தை மறக்காதே. இரண்டு வயதுக்குள் என்பதால் மடியில்தான் உட்கார வைப்பீர்கள். குட்டி பெல்ட் தனியாகத் தருவார்கள், உன் பெல்ட்டுக்குள் அவனையும் சேர்த்துக் கட்டாதே.

வெயில்தான் எனக்குப் பெரிய கவலை. ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்கு சன்ஸ்கிரீன் பூசுவதைவிட நிழலில் வைத்திருப்பதே நல்லது. காலை எட்டு மணிக்குள், இல்லை சாயங்காலம் ஐந்துக்கு மேல் பந்தாய் செனாங் கடற்கரையில் இறக்கிவிடு, அவன் காலை நனைக்கட்டும், போதும். தாகமாக இருக்குமே என்று தண்ணீர் கொடுக்காதே, பாலையே அடிக்கடி கொடு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும். அதனால் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். தைலம் எதுவும் அவன் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே, உன் மாமியார் கொடுத்தனுப்பினாலும் பையிலேயே இருக்கட்டும். காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குவா டவுனுக்குப் பக்கத்தில் அரசாங்க மருத்துவமனை இருக்கிறது, செனாங்கிலிருந்து காரில் அரை மணி நேரம் போல ஆகும். மாப்பிள்ளையிடம் வழியை முன்னாடியே பார்த்து வைக்கச் சொல்.

இதோடு வரும் பார்சலில் ஒரு நூல் சேலை இருக்கிறது. விமானத்தில் குளிருக்குப் போர்த்து, மரத்தடியில் விரித்துப் படுக்க வை. தள்ளுவண்டி மேல் மட்டும் மூடாதே, உள்ளே சூடு ஏறிவிடும். ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருக்கும். உன்னை ஏணை கட்டி ஆட்டிய சேலை அது. இரண்டு தடவை அலசி வெயிலில் காயப்போட்டுத்தான் மடித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா