பன்னிரண்டாம் வகுப்பு கரிமச் சேர்மப் பகுப்பாய்வுப் பயிற்சி: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவர்களுக்குக் கரிமச் சேர்மப் (கார்பன் உள்ள வேதிப்பொருள்) பகுப்பாய்வுப் பயிற்சி வரும் சனிக்கிழமை முதல் வேதியியல் ஆய்வகத்தில் நடைபெறும். நேரம் காலை 9 மணி முதல் 12 மணி வரை. எல்லாம்தான் செய்முறைக் கையேட்டில் அச்சாகியிருக்கிறதே, சனிக்கிழமையும் எதற்கு அனுப்ப வேண்டும் என்று சில பெற்றோர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலால்தான் இந்தக் கடிதம் சற்று நீண்டுவிட்டது.

செய்முறைத் தேர்வில் பெயர் எழுதாத ஒரு மாதிரியை மாணவரிடம் கொடுப்பார்கள். அதன் பெயரைக் கண்டுபிடிப்பது நோக்கமல்ல. அது அரோமேட்டிக்கா (பென்சீன் போன்ற வளையம் உள்ளது) அலிஃபாட்டிக்கா (அந்த வளையம் இல்லாதது), நிறைவுற்றதா நிறைவுறாததா (கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு போன்றவை உள்ளது), அதன் வேதிக் குணத்தைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டமான வினைசெயல் தொகுதி எது என்ற மூன்றுக்கும் விடை சொல்ல வேண்டும். ஆனால் பிள்ளைகள் முதலில் நம்புவது மூக்கைத்தான். பட்டை வாசனை வந்தால் சின்னமால்டிஹைடு, பாதாம் வாசனை வந்தால் பென்சால்டிஹைடு என்று முடிவுகட்டி, அதற்கேற்ற பக்கத்தை மனப்பாடமாக எழுதிவிடுகிறார்கள். ஊகம் சரியாகவே இருக்கலாம். மதிப்பெண்ணோ சோதனை, உற்றுநோக்கல், அறிவன (அதிலிருந்து எடுக்கும் முடிவு) என்ற மூன்று பத்திகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்பதற்குத்தான்.

ஒரு எடுத்துக்காட்டு. ஆல்டிஹைடு என்ற வினைசெயல் தொகுதி உள்ள பென்சால்டிஹைடு, டாலன்ஸ் கரைசலை (அம்மோனியா சேர்த்த சில்வர் நைட்ரேட்) ஒடுக்கும், அதாவது அதிலிருந்து வெள்ளியைப் பிரிக்கும். காப்பர் உள்ள நீல நிற ஃபெலிங் கரைசலைப் பொதுவாக ஒடுக்காது. அரோமேட்டிக் ஆல்டிஹைடுகளின் இயல்பு அது. சோதனைக்குழாயில் நீலம் நீலமாகவே நிற்கும்போது, ஆல்டிஹைடு என்றாலே செங்கல் சிவப்பு வீழ்படிவு என்று எழுதிவைக்கும் மாணவர், தான் பார்க்காததை எழுதுகிறார் என்பது மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

வரிசை மாறினாலும் சிக்கல்தான். பீனாலும் கார்பாக்சிலிக் அமிலமும் நீல லிட்மஸைச் சிவப்பாக்கும். அடுத்ததாகச் சோடியம் பைகார்பனேட் கரைசலில் சிறிது சேர்த்தால் அமிலம் நுரைத்துப் பொங்கும், பீனால் பொங்காது. முந்தைய சோதனையின் அமிலம் ஒட்டியிருக்கும் குழாயைக் கழுவாமல் எடுத்தால் எதைப் போட்டாலும் பொங்கும். நிறைவுறாத்தன்மைக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் நிறமிழப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ஆல்டிஹைடும் அதன் நிறத்தைப் போக்கும். புரோமின் நீர்ச் சோதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதிலும் வெள்ளை வீழ்படிவோடு நிறம் போனால், பீனாலா அனிலீனா என்று யோசிக்க வேண்டுமே தவிர, இரட்டைப் பிணைப்பு என்று எழுதிவிடக் கூடாது.

அதிகம் சொதப்பும் இடம் டாலன்ஸ் சோதனை. 2% சில்வர் நைட்ரேட் கரைசல் 1 மி.லி. எடுத்து, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டால் பழுப்பு வீழ்படிவு வரும். பிறகு நீர்த்த அம்மோனியாவைத் துளித்துளியாக, ஒவ்வொரு துளிக்கும் குழாயைக் குலுக்கி, பழுப்பு மறையும் அந்தக் கணம் வரை மட்டும் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் அம்மோனியா மிகுந்து கரைசலின் வீரியம் குறையும். ஆல்டிஹைடு இருந்தும் குழாயின் உட்சுவரில் வெள்ளி ஆடி (கண்ணாடி போன்ற படலம்) வராது. இதில் இரண்டு மூன்று துளி சேர்மத்தை விட்டு, வெந்நீர் உள்ள பீக்கரில் சில நிமிடம் அசைக்காமல் நிறுத்த வேண்டும். நேரடிச் சுடரில் காட்டவே கூடாது. குழாயில் எண்ணெய்ப் பசை இருந்தால் பளபளப்பான வெள்ளி ஆடிக்குப் பதிலாகக் கறுப்புப் பொடிதான் படியும். மீந்த கரைசலை மூடிவைத்து மறுநாள் பயன்படுத்தும் பழக்கம் இங்கே கிடையாது. வைத்திருந்தால் வெடிக்கும் தன்மையுள்ள வெள்ளிச் சேர்மம் உருவாகும். அன்றே நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்துக் கழிவுக் குடுவையில் ஊற்றிவிட வேண்டும்.

அமீனுக்கான (நைட்ரஜன் உள்ள ஒரு வினைசெயல் தொகுதி; அனிலீன் இந்த வகை) சாயச் சோதனைக்கு ஐஸ் வேண்டும். பள்ளியே வாங்கிவிடும், பிள்ளைகள் கொண்டுவர வேண்டியதில்லை. அனிலீனை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, அதையும் சோடியம் நைட்ரைட் கரைசலையும் தனித்தனியே 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்வித்த பிறகே கலக்க வேண்டும். சூடு ஏறினால் கலவையில் உருவான டையசோனியம் உப்பு சிதைந்து நைட்ரஜன் குமிழிகளாக வெளியேறி, மிஞ்சுவது பீனால். கடைசியில் ஊற்றும் பீட்டா நாப்தால் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைந்ததாக இருந்தால்தான் ஆரஞ்சுச் சிவப்புச் சாயம் தெரியும். நம் ஊர் வெயிலில், ஐஸ் உருகிய பீக்கரை வைத்துக்கொண்டு சாயம் வரவில்லையே என்று புலம்பிப் பயனில்லை.

யூரியாவை விவசாயக் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1828-இல் ஃபிரெடரிக் வோலர் ஆய்வகத்தில் தயாரித்ததும், உயிருள்ளவற்றில்தான் கரிமச் சேர்மம் உண்டாகும் என்ற நம்பிக்கையை ஆட்டம் காண வைத்ததும் இதே யூரியாதான். யூரியாவைக் கண்டறியும் பையூரெட் சோதனையில் இதை மெதுவாகச் சூடாக்க வேண்டும். உருகி, அம்மோனியா நெடி வந்து, மறுபடி இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். பிறகு நீரில் கரைத்துச் சோடியம் ஹைட்ராக்சைடும் ஒரு துளி நீர்த்த காப்பர் சல்பேட்டும் சேர்த்தால் ஊதா நிறம். காப்பர் சல்பேட் கூடினால் அதன் நீலம் ஊதாவை மறைத்துவிடும்.

உடை பற்றி: பருத்திச் சீருடை, மூடிய காலணி, பின்னி மடித்துக் கட்டிய கூந்தல், பின் குத்திய துப்பட்டா. செருப்போடு வருபவர் அன்று வேடிக்கைதான் பார்க்க முடியும். கண்ணாடி அணிபவர்கள் அதன் மேலேயே பாதுகாப்புக் கண்ணாடியும் போட வேண்டும். அதைப் பள்ளி தரும். காலைச் சாப்பாடு சாப்பிடாமல் அனுப்பாதீர்கள். ஆய்வகத்துக்குள் தண்ணீர் பாட்டிலுக்கும் அனுமதியில்லை.

விரல்களில் கறுப்புப் புள்ளிகளோடு பிள்ளை வீடு திரும்பினால் பதற வேண்டாம். அது சில்வர் நைட்ரேட். ஓட்டுப் போடும்போது விரலில் வைக்கும் மையில் இருப்பதும் இதுவே. தோல் உரிய உரிய தானாகப் போய்விடும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்காதீர்கள். சட்டையில் பட்ட கறை மட்டும் போகாது, ஆகவே பழைய சீருடை போதும். அமிலம் பட்டால் ஆய்வகத்திலேயே ஓடும் நீரில் நீண்ட நேரம் கழுவிவிட்டு, உங்களுக்குத் தொலைபேசியில் தெரிவிப்போம்.

மூச்சிரைப்பு, தோல் ஒவ்வாமை, வலிப்பு ஆகியவற்றில் எதுவும் உங்கள் பிள்ளைக்கு இருந்தால் இத்துடன் உள்ள படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். அம்மோனியாவும் புரோமினும் மூச்சிரைப்பைத் தூண்டக்கூடியவை என்பதால் அவர்களுக்குச் சன்னலோர மேசை ஒதுக்கப்படும். இதனால் மதிப்பெண் எதுவும் குறையாது. படிவத்தில் பெற்றோர் கையொப்பமிட்டு, வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பவும். படிவம் வராத மாணவருக்கு ஆய்வக மேசை ஒதுக்க இயலாது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்